ஓய்வு நாளும் ஓட்டல் சாப்பாடும்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போகும் விஷயம் சுலபமாக விளங்கும். பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். வெட்டியதும் தைத்ததும் மடித்ததும் கையில் காசாக வந்து சேரும் நேரம் அது. காதர்பேட்டையில் கால் வைக்க இடமிருக்காது. குமரன் சாலையில் நடப்பவனைக் கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். ஓட்டல்களிலோ ஒருவர் சாப்பிடும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் நின்று இலையை எண்ணிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டரைத் தெருவில் சந்தித்தேன். நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வயதில் என்னைவிடச் சிறியவர். நல்ல உழைப்பாளி, நல்ல படிப்பாளியும்கூட. "வாங்க தம்பி, ஒரு காப்பி சாப்பிடலாம்" என்று ஓட்டல் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் படியேறவில்லை. மேற்கே வானத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடியாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அண்ணாச்சி. பொழுது அடையட்டும். அப்புறம் வாரேன்" என்றார்.

ஏதோ விரதம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். என் தாயார் ஏகாதசி இருந்தவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறிச்சட்டி பரணில் ஏறிவிடும். ஆகவே வயிற்றைக் கட்டுவதற்கு நாளும் கிழமையும் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அவர் சொன்ன விளக்கம் என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. "நான் மத்தியானமே நல்லாச் சாப்பிட்டாச்சு. பட்டினி கிடக்கல்ல. நான் சாப்பிடுததுல ஒண்ணும் தப்பு இல்ல, அண்ணாச்சி. எனக்காக இன்னொருத்தர் அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாது, அதான்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் வாசலிலேயே நின்றோம். இருட்டிய பிறகு உள்ளே போய்க் காப்பி குடித்தோம். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை இன்னும் என்னை விட்டபாடில்லை.

*

நண்பர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1863-இல் அமெரிக்காவில் அமைப்பாகத் திரண்ட சபை அது. வாரத்தின் ஏழாம் நாளான சனிக்கிழமைதான் வேதம் சொல்லும் ஓய்வு நாள் என்பது அவர்கள் கொள்கை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறைவது வரைக்கும் அந்த நாள். அதற்குள் பிழைப்புக்கான வேலை கிடையாது. வாங்குவதும் விற்பதும் கிடையாது.

இது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய புதுப் பழக்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நண்பரின் சொந்தச் சீமையில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்பவர், சட்டாம்பிள்ளை என்று ஊரார் அழைத்தவர், மிஷனரியோடு பிணங்கி வெளியேறி 1857-இல் இந்து கிறிஸ்தவ சபை ஒன்றைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட சபை அது. பிரகாசபுரம் அதன் முக்கியமான இடம். அரை நூற்றாண்டு கழித்து, 1908 வாக்கில், அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் தென் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவர்கள் முதலில் ஊன்றிக்கொண்ட இடமும் அதே பிரகாசபுரந்தான். விளைந்த நிலத்தைத் தேடித்தானே விதை வந்து விழும்!

ஊரில் இருக்கும்வரை இந்த நெறி சிரமமில்லை. பனை மரத்துக்கும் வயலுக்கும் கிழமை தெரியாது. திருப்பூருக்கு வந்தால்தான் தொல்லை. இங்கே சனிக்கிழமை வேலை நாள். அதிலும் கணக்குத் தீர்க்கிற நாள். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவன் ஒரு நாள் வராவிட்டால் அந்த நாளின் கூலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமையோ கம்பெனிக்கே விடுமுறை. ஆக, வாரத்தில் இரண்டு நாள் வருமானம் இல்லை. ஷிப்மெண்ட் நெருக்கும் காலத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிங் போட்டுக் கொடுத்துச் சனிக்கிழமையை ஈடு கட்டுவாராம். மற்றபடி நஷ்டம் நஷ்டந்தான். அவருடைய மனைவி பவர் டேபிளில் உட்காருகிறவர். அவருக்கும் அதே கணக்கு. இவ்வளவு விலை கொடுத்து ஒரு நாளை வாங்குகிறவர்களை நாம் பரிகாசம் செய்துவிட்டுப் போக முடியாது.

*

அவர்களுடைய சிறிய கூட்டத்தில் ஒரு விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. அதைத்தான் நண்பர் என்னிடம் கொண்டுவந்தார். நான் கதை எழுதுகிறவன். வேத சாஸ்திரம் கற்றவனல்ல. ஆனாலும் வழக்குத் தீர்க்க முடியாதபோது வழிப்போக்கனைக் கூப்பிட்டு நியாயம் கேட்பது நம் நாட்டு வழக்கந்தானே.

சனிக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணமாகாத பையன்கள். நாலு பேர், ஐந்து பேராக ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள். சமைப்பதற்கு வீட்டுக்காரர் விடமாட்டார். மூன்று வேளையும் மெஸ்ஸில்தான் சாப்பாடு. ஆராதனை முடிந்து மத்தியானம் அவர்கள் எங்கே போவார்கள்? மெஸ்ஸுக்குத்தான் போனார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் அதைக் கண்டித்தார். ஓய்வு நாளில் விலை கொடுத்துச் சாப்பிடுவது கற்பனையை மீறுவதாகும் என்றார்.

அவர் காட்டிய ஆதாரம் நெகேமியாவின் புத்தகம். எருசலேமில் தங்கியிருந்த தீரு நாட்டு வியாபாரிகள் ஓய்வு நாளில் மீனும் சரக்கும் கொண்டுவந்து விற்றார்கள். யூதர்கள் வாங்கினார்கள். நெகேமியா சினந்து, பொழுது சாய்ந்ததும் நகரத்துக் கதவுகளை அடைக்கச் சொன்னார். விற்றவர்கள் வேற்று மதத்தார். அவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் வாங்கியவர்களுக்கு உண்டு. ஆகவே மெஸ்காரர் எந்த மதமானாலும் பையன்கள் செய்வது பிழைதான் என்பது பெரியவர் கட்சி.

பையன்கள் சளைக்கவில்லை. "மெஸ்ஸுக்கு மாதம் பிறந்ததும் பணம் கட்டி டோக்கன் வாங்கியாயிற்று. சனிக்கிழமை நாங்கள் பணத்தைத் தொடுவதில்லை. டோக்கனைத்தான் கிழித்துக் கொடுக்கிறோம். பிறகு வியாபாரம் எங்கே நடந்தது?" என்று கேட்டார்கள். இன்னொருவன் இயேசுவையே சாட்சிக்கு அழைத்தான். சீஷர்கள் பசி வந்தபோது ஓய்வு நாளில் வயலில் கதிர் கொய்து தின்றார்கள். குற்றம் சாட்டியவர்களுக்கு அவர், மனிதனுக்காகத்தான் அந்த நாளே தவிர நாளுக்காக மனிதன் இல்லை என்ற பொருளில் விடை சொன்னார். பசித்தவன் சாப்பிட்டால் என்ன பாவம்?

மூன்றாவது வாதந்தான் எல்லாரும் சொல்லுகிற வாதம். "நாம் போனாலும் போகாவிட்டாலும் மெஸ் திறந்துதான் இருக்கும். அண்டாவில் சோறு வெந்துதான் இருக்கும். நாம் இருபது பேர் போகாததால் சமையல்காரருக்கு விடுமுறை கிடைத்துவிடுமா?"

இது ஒன்றும் புதிய சந்தேகம் இல்லை. யூத ரபிகள் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்னாலேயே இதைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பில் ஒரு விதி வருகிறது. ஓய்வு நாளில் வேற்று மதத்தான் ஒருவன் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தில் யூதனும் இருந்துகொள்ளலாம். அதே விளக்கை யூதனுக்காக ஏற்றினால் அந்த வெளிச்சம் ஆகாது. இதை ஒட்டி ஒரு சம்பவமும் அங்கே உண்டு. கமாலியேல் என்ற பெரிய ஆசாரியரும் மூப்பர்களும் கப்பலில் வந்தபோது, வேற்று மதத்தான் ஒருவன் தான் இறங்குவதற்காகப் பலகை போட்டானாம். அவர்களும் அதன் வழியே இறங்கினார்களாம்.

முதலில் படித்தபோது இது வக்கீல் சாமர்த்தியமாகத்தான் எனக்குத் தோன்றியது. மறுபடி யோசித்தபோது அதில் ஒரு நுட்பம் தெரிந்தது. விளக்கு ஒன்றுதான், வெளிச்சமும் ஒன்றுதான். அந்த ஆள் யாருக்காகக் குனிந்தான் என்பதே கேள்வி. ஓட்டலில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ஓட்டல்காரர் தமக்காக இருநூறு இட்டிலி ஊற்றுவதில்லை. தெருவில் போகிற யாராவது வருவார்கள் என்றுதான் ஊற்றுகிறார். அந்த 'யாராவது' என்பதற்குள் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லி அழைக்காததால் மட்டும் நாம் அழைக்காதவர்கள் ஆகிவிடுவோமா?

*

நம் நாட்டில் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி மதச் சண்டை நடந்ததில்லையா என்று கேட்டால், நிறைய நடந்திருக்கிறது. ஆனால் அது வேறு சண்டை. காப்பிக் கிளப்பு வந்த காலத்தில் ஆசாரமான குடும்பத்தார் அதன் படியை மிதிக்கத் தயங்கினார்கள். அடுப்படியில் நிற்பது யார், பக்கத்து இலையில் உட்காருவது யார் என்பதே அவர்கள் கவலை. அந்தக் கவலைக்குச் சமாதானமாகத்தான் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதி வைத்தார்கள். 1957-இல் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிச் சென்னையில் பெரியார் கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்தது.

'யார் சமைத்தது?' என்று நாமும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். சமைத்தவனுடைய பிறப்பைத் தெரிந்துகொள்ளக் கேட்டோம். அவன் தொட்டால் எனக்கு என்ன ஆகும் என்று அஞ்சிக் கேட்டோம். என் நண்பர் படியில் நின்று கேட்டதும் அதே கேள்விதான். ஆனால் எனக்காக நின்றால் அவனுக்கு என்ன ஆகும் என்று அஞ்சிக் கேட்டார். சொல் மாறவில்லை, முகம் மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. என் தாயாரின் ஏகாதசியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏகாதசியின் கணக்கு அவருடைய வயிற்றோடு முடிந்தது. அவர் விரதமிருந்த நாளிலும் எங்கள் எல்லாருக்கும் அவரே சமைத்துப் போட்டார்.

ஓய்வு நாளின் கணக்கு அப்படி முடிவதில்லை. நண்பர் கொடுத்த வேதாகமத்தை வாங்கி யாத்திராகமத்தையும் உபாகமத்தையும் படித்துப் பார்த்தேன். கட்டளை வீட்டு எஜமானனோடு நிற்கவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் வந்து தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒரு ஜாபிதாவே போட்டிருக்கிறது. உபாகமம் அதற்குக் காரணமும் சொல்லுகிறது. எஜமானனுக்குக் கிடைக்கிற இளைப்பாறுதல் வேலையாட்களுக்கும் அப்படியே கிடைக்க வேண்டுமாம். ஏனென்றால் அந்த எஜமானனே ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தவன். அதை அவன் மறந்துவிடக் கூடாதாம்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஓர் எகிப்து உண்டு.

*

கல்லூரிப் படிப்பைத் தொடர முடியாமல் நின்ற பிறகு, இரண்டு வருஷம் நான் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். ஓட்டலின் பெயர் வேண்டாம். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கூலியைப் பாக்கி வைத்ததில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் கொடுத்தார். எனக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாருக்கும் கிடையாது. அன்றைக்குத்தானே ஊரே சாப்பிட வரும்!

என் தாயார் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. நான் விடியும் முன்னால் கிளம்புவேன். இரவு அவர் தூங்கிய பிறகு வருவேன். புதன்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது அவர் கம்பெனியில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கறிக்குழம்பு வைத்து எனக்கென்று கிண்ணத்தில் மூடி வைப்பார். திங்கட்கிழமை விடியற்காலையில் அதை நான் ஆறிப்போன சோற்றோடு தின்றுவிட்டுப் போவேன். இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். இருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இருந்தது. சட்டப்படி யாரும் எங்களை வஞ்சிக்கவில்லை. ஆனால் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ போய்விட்டு வந்த ஒரு குடும்பம் என் மேஜையில் உட்கார்ந்தது. எந்த மதம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எல்லாரும் புதுத் துணி உடுத்தியிருந்தார்கள். கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இலையில் கை வைத்தார்கள். நான் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்ற வந்தபோது, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்ண்ணா, உங்களுக்கு லீவே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"பேசாமச் சாப்பிடு, கண்ணு" என்றார் தகப்பனார்.

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்த மேஜையில் கடவுளைப் பற்றி நினைத்தது அந்தக் குழந்தை ஒன்றுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

*

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதை இந்தியத் தொழிலாளிக்கு மதம் தானாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கி.பி. 321-இல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கியபோதுகூட அது நகரத்தாருக்குத்தான். குடியானவன் வேலை செய்யலாம் என்று விதிவிலக்கு வைத்தார். பம்பாயில் ஜோதிராவ் பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே மில் தொழிலாளிகளைத் திரட்டிப் போராடி, 1890-இல் முதலாளிகளிடமிருந்து ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். அடுத்த ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார ஓய்வு இடம் பெற்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக முன்பின் மூன்று நாட்களுக்குள் வேறொரு நாளைக் கொடுக்கவும் இடம் வைத்தது. ஓட்டல் தொழிலாளிகளுக்கென்றே சென்னை ராஜ்யத்தில் 1958-இல் தனிச் சட்டம் வந்தது. அவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் என்று அது விதித்தது.

இவையெல்லாம் பெரிய காரியங்கள். இவை இல்லாவிட்டால் எனக்கு அந்தப் புதன்கிழமைகூடக் கிடைத்திராது. ஆனால் சட்டம் நாளைத்தான் எண்ணிக் கொடுக்கும். அந்த நாளில் யாரோடு இருப்பது என்பதை அது கவனிப்பதில்லை.

அதைக் கவனித்தது ஊர்க் கட்டுப்பாடுதான். பரதவக் கிறிஸ்தவக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று வைத்திருப்பார்கள். ஒருவன் மட்டும் வலையை எடுத்துக்கொண்டு போனால் மற்றவன் வயிறு எரியும். எல்லார் வள்ளமும் கரையில் கிடந்தால்தான் எல்லாருக்கும் நிம்மதி. இன்னொரு உதாரணம் நம் தெருமுனையிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முடி வெட்டினால் ஆகாது என்று நம்மவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு வேறு பலன் உண்டோ இல்லையோ, நாவிதருக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது. பல ஊர்களில் இன்றும் செவ்வாய்க்கிழமை சலூன் கதவு மூடித்தான் இருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் வராமல் இருந்ததால் கிடைத்த ஓய்வு அது. அவர்கள் பிறர்க்கு நன்மை செய்வதாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லை!

'நாம் இருபது பேர் போகாவிட்டால் என்ன ஆகும்' என்று பையன்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை என்று எண்ணுகிறேன். இருபது பேர் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது. சமையல்காரருக்கு ஓய்வு கிடைக்காது. இவர்களுக்குத் தங்கள் கை சுத்தம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். ஊர் முழுவதும் ஒரு நாள் போகாமலிருக்கச் சம்மதித்தால் அடுப்பு அணையும். அதுவும் அந்த நாளின் கூலி சமையல்காரர் கையிலிருந்து போகாமல் அணைந்தால்தான் அதற்கு ஓய்வு என்று பெயர். கூலி போய்விட்டால் அது பட்டினி.

*

இவ்வளவையும் நான் நண்பரிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய வீட்டில் வைத்துத்தான். அவர் மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். விவாதம் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டு, அண்ணாச்சி. பையங்க மெஸ்ஸுக்குப் போறதில்லன்னு தீர்மானம் ஆயிட்டு. சபையிலயே எல்லாருக்கும் சாப்பாடு" என்றார் நண்பர், சந்தோஷமாக.

"யார் சமைக்கிறது?" என்று கேட்டேன்.

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றது. அந்த அம்மாள் வாசற்படிக்கு வந்தார்.

"வேற யாரு, நானும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களுந்தான். வெள்ளிக்கிழமை பொழுது அடையதுக்குள்ள ஆக்கி முடிக்கணும்லா? அதுக்கு மேல அடுப்புப் பத்த வைக்கப்படாது. எங்க கம்பெனியில ஒண்ணரை ஷிப்டு ஓடுது. அரை ஷிப்டை விட்டா மட்டும் போதாது. மத்தியானமே வந்தாத்தான் இருபத்தஞ்சு பேருக்குப் புளிச்சோறு கிண்ட முடியும். சனிக்கிழமைக் கூலியும் கிடையாது, வெள்ளிக்கிழமைக் கூலியும் பாதிதான். மெஸ்ஸுல நிக்கவருக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு ஆம்பளைங்க மூணு மாசம் பேசுனாங்க, அண்ணாச்சி. எங்களுக்குக் குடுக்கலாமான்னு மூணு நிமிஷம் பேசல்ல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தையலில் விட்டுப்போன நூலை எடுத்துக் காட்டுகிறவர்போலச் சொன்னார்.

நண்பர் தலை குனிந்துகொண்டார். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க நியாயமில்லை. அத்தனை நேரம் நானும் மெஸ் சமையல்காரரைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்! உபாகமத்தின் ஜாபிதாவை மறுபடி நினைத்துப் பார்த்தேன். மகன் உண்டு, மகள் உண்டு, மாடும் கழுதையும் உண்டு. மனைவி என்ற சொல்லை நான் அதில் காணவில்லை. 'நீ' என்று எஜமானனை அழைக்கும்போதே அவளும் அடங்கிவிட்டாள் என்று படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். அடங்கிவிட்டாள் என்பது உண்மைதான். எந்த மதத்தில்தான் அடங்கவில்லை? என் தாயாரின் ஞாயிற்றுக்கிழமையில் துவைப்பதும் அரைப்பதும் கறிக்குழம்பு வைப்பதும் தவிர வேறு என்ன இருந்தது? மூடி வைத்த கிண்ணத்தை நான் அன்பின் அடையாளமாக நினைத்து எத்தனையோ கதைகளில் எழுதிவிட்டேன். அதை வைத்தவருக்கு அன்று விடுமுறை என்பது எந்தக் கதையிலும் எனக்கு உறைக்கவில்லை.

ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்று விதி செய்கிற எந்த மதத்தாருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். விதி செய்யுங்கள். ஆனால் தெருவில் அணைத்த அடுப்பை வீட்டில் ஏற்றிவிட்டு, அதற்கு ஓய்வு நாள் என்று பெயர் வைக்காதீர்கள். பாவம் அப்போது தீருவதில்லை. சம்பளம் இல்லாத இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஓட்டல் சமையல்காரருக்காவது ஒரு சட்டமும் ஒரு கூலியும் உண்டு.

அப்படியானால் யோசிக்காமல் ஓட்டலுக்கே போய்விடலாமா? அதையும் நான் சொல்ல மாட்டேன். கைகழுவி விடுவது விடையாகாது. என் ஓய்வை யாருடைய உழைப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், அவர்களுடைய நாள் எது என்று கேட்பதும், அந்த நாள் வரும்போது அந்தச் சுமையில் ஒரு முனையையாவது என் தோளில் வாங்கிக்கொள்வதும் என்னால் ஆகக்கூடியவை. இதற்கு எந்த வேதத்திலும் விலக்கு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நண்பர்கள் கூட்டத்தில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் சொன்னதை நண்பர் மறுவாரம் எல்லார் முன்னிலும் எழுந்து சொன்னாராம். சற்று நேரம் யாரும் பேசவில்லையாம். இப்போது முறை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு ஆண்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து சமைக்கிறார்கள். விட்ட கூலியில் ஒரு பங்கை மற்றவர்கள் சேர்ந்து ஈடு கட்டுகிறார்கள். விவாதத்தைத் தொடங்கிய பெரியவர் வெங்காயம் உரிக்கிறார். புளிச்சோறு சில வாரம் அடிப்பிடித்துவிடுகிறதாம். "அதைச் சாப்பிட்டாத்தான் அண்ணாச்சி எனக்கு ஓய்வு நாள்னு தெரியுது" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

நான் ஓட்டலுக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. தனியாக நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது வேஷமாகும். பரிமாறுகிறவரிடம் "உங்களுக்கு என்றைக்கு லீவு, தம்பி?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. இப்போது திருப்பூரில் பரிமாறுகிறவர்களில் பலர் ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். என் அரைகுறை ஹிந்தி புரிந்து பதில் சொல்ல அவர்களுக்கு நேரமாகிறது. சிலர் கிழமையைச் சொல்லுகிறார்கள். சிலர் ஊருக்குப் போகும் மாதத்தைச் சொல்லுகிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கமான மெஸ்ஸுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. அட்டையில் யாரோ சாக்பீஸால் 'இனிமேல் ஞாயிறு விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு நல்ல பசி. என்னைப்போல் வந்த இன்னொருவர், "ஞாயித்துக்கெழமை போயி மூடுவாங்களா?" என்று சலித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "நீ உட்கார்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உப்புமா கிண்டினேன். உப்பு சற்றுக் கூடிவிட்டது. இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.